விடை பெறாமல் விடைபெறும் வாடிக்கையாளர்



இணையக் கடைகளில் விற்பனை ஏன் பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பதே இன்றைய உரையின் பொருள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இலக்கணமும் மொழியியலும் கற்பித்துவந்த நாம் வணிகத்தைப் பற்றிப் பேச முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

நம்மிடம் முன்பு பயின்ற மாணவி ஒருவர், சிங்கப்பூரில் தம் வீவக வீட்டிலிருந்தபடியே தீபாவளிப் பலகாரங்கள் செய்து இணையத்தில் விற்றுவருகிறார். முறுக்கு, அச்சுமுறுக்கு, ஓமப்பொடி, நெய்யுருண்டை ஆகியவற்றைப் போத்தல்களில் அடைத்து வீடுகளுக்கு அனுப்புகிறார். கடையின் பக்கங்களைத் தமிழிலும் அமைத்திருப்பதாகவும், எழுத்துப்பிழை பார்த்துத் தரவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கூடவே ஒரு குறையையும் சொன்னார்: "ஐயா, நிறையப் பேர் கூடையில் பொருளை எடுத்து வைக்கிறார்கள். பணம் செலுத்தும் பக்கம் வரைக்கும் வருகிறார்கள். அதன்பிறகு போய்விடுகிறார்கள்."

நாம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். கூடையின் கீழே இருந்த பொத்தானில் 'வெளியேறு' என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் 'செக்-அவுட்' என்னும் சொல் விடுதி அறையைக் காலிசெய்வதையும் குறிக்கும். கடையில் கணக்கு முடித்துப் பணம் செலுத்துவதையும் குறிக்கும். எந்திர மொழிபெயர்ப்பு முதற்பொருளை எடுத்துக்கொண்டுவிட்டது. பணம் கொடுக்க வந்தவரை அந்தப் பொத்தான் போகச் சொல்லிற்று.

அதைத் திருத்துவது எளிதாக இருந்தது. ஆனால் பக்கத்தை முழுமையாகப் படித்தபோது, பிழையின்றி எழுதப்பட்டிருந்த சொற்களிலேயே பெரிய குறைகள் இருப்பதைக் கண்டோம். அவை எழுத்துப்பிழைகள் அல்ல. வாடிக்கையாளரின் மனத்தில் எழும் வினாவுக்கு விடை தராத குறைகள்.

கூடை கைவிடப்படுவது எவ்வளவு?

கடைத்தெருவில் கூடை நிறையப் பொருள் எடுத்தவர், பணம் செலுத்தும் இடத்தில் கூடையை வைத்துவிட்டுப் போவது அரிது. இணையத்திலோ அதுவே வழக்கம். டென்மார்க்கைச் சேர்ந்த பேமார்டு ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து, இணையக் கூடைகளில் சராசரியாக ஏறத்தாழ 70 விழுக்காடு கைவிடப்படுவதாகக் கணக்கிட்டுள்ளது. இவர்களில் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர்களை எந்தச் சொல்லாலும் நிறுத்த இயலாது. எஞ்சியவர்கள் வாங்கும் எண்ணத்தோடு வந்து, ஏதோ ஒரு தடையால் திரும்பியவர்கள். எதிர்பாராத கூடுதல் கட்டணம், கணக்குத் தொடங்கும்படி வற்புறுத்தல், நீண்ட படிவம், கடையின்மீது ஐயம், விநியோகத் தாமதம் ஆகியவை அவ்வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். 100 பேர் கூடையில் பொருள் வைத்து, 30 பேர் பணம் செலுத்துகின்றனர் என்று கொள்வோம். போய்விட்ட 70 பேரில் 10 பேரைத் தக்கவைத்துக்கொண்டால், வாங்குவோர் 40 பேர் ஆவர். விற்பனை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். இதற்கு விளம்பரச் செலவு வேண்டியதில்லை. வாசல்வரை வந்தவரிடம் சரியாகப் பேசினால் போதும்.

நன்னூல் காட்டும் வழி

உயர்நிலைப் பள்ளி இலக்கணத்தில் வினா வகைகளையும் விடை வகைகளையும் படித்திருப்பீர்கள். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். ஆறு வினாக்களுள் ஒன்று கொளல் வினா. தாம் ஒரு பொருளைப் பெற்றுக்கொள்ளும் பொருட்டு வினவுவது அது. கடைக்காரரிடம் 'பருப்பு இருக்கிறதா?' என்று கேட்பதைத்தான் ஆசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். நம் இலக்கணம் கடை வாசலில் நிகழும் உரையாடலையும் விட்டுவைக்கவில்லை.

நேரில் நடக்கும் வணிகத்தில் வாங்குபவர் வாய் திறந்து கேட்கிறார். விற்பவர் உடனே விடை சொல்கிறார். முகம் சுளித்தாலே கடைக்காரர் புரிந்துகொண்டு, 'என்னம்மா, விலை கூடவா?' என்று கேட்டுவிடுவார். இணையக் கடையில் வாங்குபவரின் வினா மனத்துக்குள்ளேயே எழுகிறது. அவ்வினா எழும் இடத்தில் விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் அவர் விடை பெறாமலேயே விடைபெற்றுக்கொள்வார்.

நன்னூல் கூறும் எட்டு விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படை விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பு விடைகள். நட்பில் குறிப்பு விடைக்கு இடமுண்டு. பணம் கைமாறும் இடத்தில் வெளிப்படை விடையே வேண்டும். இனி, வாங்குபவர் கேட்கும் வினாக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

முதல் வினா: மொத்தம் எவ்வளவு?

மாணவியின் கடையில் ஒரு போத்தல் முறுக்கு 12 வெள்ளி. இரண்டு போத்தல் எடுத்தவர் 24 வெள்ளி என்று மனத்தில் எண்ணிக்கொண்டு, பெயர், முகவரி, தொலைபேசி எண் அனைத்தையும் நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வருகிறார். அங்கே 32 வெள்ளி என்று இருக்கிறது. விநியோகக் கட்டணம் 8 வெள்ளி என்பது அப்போதுதான் தெரிகிறது. எட்டு வெள்ளி பெரிய தொகை அன்று. ஆனால் மறைத்துவைத்துக் கடைசியில் சொன்னார்கள் என்னும் எண்ணம் அவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

கட்டணத்தை முன்கூட்டிச் சொல்வது நம் வணிக மரபுக்குப் புதியதன்று. சுமத்திராவின் மேற்குக் கரையில், பாரூசுக்கு அருகிலுள்ள லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010இல், அதாவது பொது ஆண்டு 1088இல் பொறிக்கப்பட்டது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நிறுவிய அக்கல்வெட்டு, கப்பலில் வருவோர் செலுத்தவேண்டிய பொன்னைப் பற்றிப் பேசுகிறது. கடல் கடந்து வந்த வணிகர்கள், செலுத்தவேண்டியது இன்னது என்பதைத் தமிழில், கல்லில் எழுதிவைத்தனர். நாம் அதைப் பொருளின் விலைக்குக் கீழே ஒரு வரியில் எழுதினால் போதும்: 'சிங்கப்பூருக்குள் விநியோகக் கட்டணம் 8 வெள்ளி. 60 வெள்ளிக்கு வாங்கினால் விநியோகம் இலவசம்.'

இவ்வரியின் பிற்பகுதி விற்பனையைக் கூட்டவும் உதவும். 48 வெள்ளிக்கு எடுத்தவரிடம், 'இன்னும் ஒரு போத்தல் எடுத்தால் விநியோகக் கட்டணம் இல்லை' என்று கூடையிலேயே தெரிவிக்கலாம். ஆயினும் கணக்குப் பாராமல் இலவசம் என்று எழுதிவிடக் கூடாது. ஒரு போத்தலில் 4 வெள்ளி இலாபம் என்றால், ஐந்து போத்தலில் 20 வெள்ளி. அதில் 8 வெள்ளி விநியோகத்துக்குப் போக எஞ்சுவது 12 வெள்ளி. வழக்கமாக இரண்டு போத்தல் வாங்குபவரிடம் கிடைத்த 8 வெள்ளியைவிட இது மிகுதி. ஆனால் வழக்கமாகவே நான்கு போத்தல் வாங்கி, விநியோகக் கட்டணத்தையும் தாமே கொடுத்தவரிடம் கிடைத்த 16 வெள்ளியைவிட இது குறைவு. ஆகவே, பெரும்பாலோர் எத்தனை போத்தல் வாங்குகின்றனர் என்பதை அறிந்த பின்னரே எல்லையை வகுக்க வேண்டும்.

வரியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2024 சனவரி 1 முதல் 9 விழுக்காடு. வரிக்குப் பதிவுசெய்த வணிகங்கள், பொதுமக்களுக்குக் காட்டும் விலையில் வரியைச் சேர்த்தே காட்ட வேண்டும். ஆண்டு விற்பனை 10 இலட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறு வணிகத்துக்குப் பதிவு கட்டாயமன்று. பதிவு செய்யாதவர் அவ்வரியை வசூலிக்கவும் கூடாது. 'இங்குக் காணும் விலையே நீங்கள் செலுத்தும் விலை' என்று அவர் துணிந்து எழுதலாம். அத்தொடர் வாடிக்கையாளரின் முதல் ஐயத்தைப் போக்கிவிடும்.

இரண்டாம் வினா: நான் யார் என்று ஏன் கேட்கிறீர்கள்?

அமெரிக்க வடிவமைப்பு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதிய ஒரு நிகழ்ச்சி இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. பெயர் குறிப்பிடாத ஒரு பெரிய இணையக் கடையில், பணம் செலுத்துமுன் 'பதிவு செய்' என்று ஒரு பொத்தான் இருந்தது. புதியவர்கள் அதைக் கண்டு எரிச்சலுற்றனர். பழையவர்கள் தம் கடவுச்சொல்லை மறந்து தவித்தனர். அதை நீக்கி, 'தொடர்க' என்னும் பொத்தானை வைத்து, வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை என்னும் விளக்கத்தையும் சேர்த்தனர். வாங்கி முடித்தோர் எண்ணிக்கை 45 விழுக்காடு உயர்ந்ததாகவும், முதலாண்டில் விற்பனை 30 கோடி டாலர் கூடியதாகவும் ஸ்பூல் எழுதுகிறார். சிறு கடைக்கு அத்தகைய தொகை வாராது. ஆனால் பாடம் ஒன்றே: முறுக்கு வாங்க வந்தவரை முதலில் உறுப்பினராக்க முயலக் கூடாது.

படிவத்தில் நம்மவருக்கே உரிய இடர் ஒன்று உண்டு. பல மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களை வைத்து, இரண்டையும் கட்டாயமாக்கியுள்ளன. தமிழருள் பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயருமே உண்டு. மலேசிய அடையாள அட்டையில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்றும், சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' என்றும் இடையில் சாய்கோடு வருகிறது. சாய்கோட்டை ஏற்காத படிவம், 'பெயரில் தவறான குறி உள்ளது' என்று சொல்கிறது. ஒருவர் தம் அடையாள அட்டையில் உள்ளபடி எழுதிய பெயரையே தவறு என்று சொல்லும் கடையில் அவர் ஏன் பொருள் வாங்க வேண்டும்? 'பெயர்' என்று ஒரே கட்டம் வைத்து, எந்தக் குறியையும் ஏற்பதே தீர்வு. பலகாரம் வந்து சேர அவ்வளவே போதும்.

முகவரியும் அவ்வாறே. சிங்கப்பூரில் வீட்டு எண் '#05-123' என்பதுபோல் எழுதப்படும். அக்குறிகளைப் படிவம் ஏற்க வேண்டும். 1995 செப்டம்பர் முதல் சிங்கப்பூரின் அஞ்சல் குறியீடு ஆறு இலக்கம் கொண்டது. பொதுவாக ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனிக் குறியீடு உண்டு. ஒன்மேப் போன்ற அரசு வரைபடச் சேவையோடு படிவத்தை இணைத்தால், ஆறு இலக்கத்தைத் தட்டியவுடன் புளோக் எண்ணும் தெருப்பெயரும் தாமாகவே நிரம்பும். மலேசியாவில் அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம். ஆறு இலக்கத்தை மட்டுமே ஏற்கும் படிவம், ஜொகூரிலிருந்து வாங்க விரும்புபவரைச் சொல்லாமலேயே திருப்பி அனுப்பிவிடும்.

மூன்றாம் வினா: இதை அழுத்தினால் என்ன நடக்கும்?

பொத்தானில் எழுதும் சொல் வினைச்சொல். அது எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது இலக்கண ஆசிரியர்க்கு உரிய வினா. 'வாங்கு' என்பது ஏவல் ஒருமை. மூத்தவர் ஒருவரைப் பார்த்துக் கடை இவ்வாறு சொல்வது நம் வழக்கில் பொருந்தாது. 'வாங்குக' என்னும் வியங்கோள் மதிப்பும் சுருக்கமும் உடையது. 'வாங்குங்கள்' என்பது நெருக்கமானது. பின்னிரண்டில் எதையும் கொள்ளலாம். ஆனால் பக்கம் முழுதும் ஒன்றையே கொள்ள வேண்டும். ஒரிடத்தில் 'செலுத்துங்கள்', அடுத்த இடத்தில் 'உறுதிசெய்' என்று மாறிமாறி எழுதினால், இருவேறு ஆட்கள் பேசுவதுபோல் தோன்றும்.

வடிவத்தைவிடப் பொருள் முதன்மையானது. 'சமர்ப்பிக்க' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பணம் போய்விடுமா, சரிபார்க்க இன்னொரு பக்கம் வருமா? தெரியாதபோது விரல் தயங்கும். ஜெர்மனியில் 2012 ஆகஸ்டு 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம், இணையக் கடையின் இறுதிப் பொத்தானில் பணம் செலுத்தும் கடமையோடு வாங்குவதாகத் தெளிவாக எழுத வேண்டும் என்று விதிக்கிறது. எழுதாவிட்டால் ஒப்பந்தமே ஏற்படாது. ஒரு பொத்தானின் சொல்லுக்கு அந்நாட்டுச் சட்டம் அத்துணை எடை கொடுத்துள்ளது. நாம் 'மேலும்' என்று எழுதிய இடத்தில் 'முகவரிக்குச் செல்க' என்றும், 'சமர்ப்பிக்க' என்று எழுதிய இடத்தில் '32 வெள்ளி செலுத்துக' என்றும் எழுதலாம். 'வெளியேறு' இருந்த இடத்தில் மாணவி இப்போது 'பணம் செலுத்தச் செல்க' என்று வைத்திருக்கிறார்.

நான்காம் வினா: நான் செய்த தவறு என்ன?

படிவத்தில் பிழை நேரும்போது கடை பேசும் மொழி, அதன் குணத்தைக் காட்டிவிடும். 'செல்லாத உள்ளீடு' என்று சிவப்பில் எழுதுவது குற்றச்சாட்டு, விடையன்று. எங்கே பிழை, எவ்வாறு திருத்துவது என்னும் இரண்டையும் சொல்ல வேண்டும். 'அஞ்சல் குறியீட்டில் ஐந்து இலக்கம் உள்ளது. சிங்கப்பூர் முகவரிக்கு ஆறு இலக்கம் தேவை' என்றால் எவரும் திருத்திக்கொள்வர். ஒரு பிழைக்காக ஏற்கெனவே நிரப்பியவற்றை அழித்துவிடும் படிவம், மாணவர் ஒரு சொல்லைத் தவறாக எழுதியதற்காகக் கட்டுரைத் தாளையே கிழித்துப்போடும் ஆசிரியரைப் போன்றது.

பொருள் தீர்ந்துவிட்ட நிலையும் இத்தகையதே. 'கையிருப்பில் இல்லை' என்பது மறைவிடை. உண்மை, ஆனால் உரையாடலை முடித்துவிடுகிறது. நன்னூலின் இனமொழி விடை இங்குக் கைகொடுக்கும். ஒன்று உண்டா என்றால் அதற்கு இனமான இன்னொன்றைச் சொல்வது அது. 'ஓமப்பொடி தீர்ந்துவிட்டது, காராபூந்தி இருக்கிறது. ஓமப்பொடி அடுத்த வெள்ளிக்கிழமை வரும்' என்று எழுதினால், வந்தவருக்கு இரண்டு வழிகள் கிடைக்கின்றன.

ஐந்தாம் வினா: பணம் போய்ச் சேர்ந்ததா?

இது ஐய வினா. சிங்கப்பூரில் 2017இல் தொடங்கப்பட்ட பேநவ் சேவை இன்று சிறு கடைகளுக்கும் பரவியுள்ளது. வாங்குபவர் கியூஆர் குறியீட்டை வங்கிச் செயலியில் படித்துப் பணம் அனுப்புகிறார். கைப்பேசியிலேயே வாங்குபவருக்கு இங்கே ஓர் இடர்: கடைப் பக்கமும் குறியீடும் ஒரே திரையில் இருக்கும்போது அதை எப்படிப் படிப்பது? 'குறியீட்டைச் சேமித்துக்கொண்டு, வங்கிச் செயலியைத் திறந்து, படத்தொகுப்பிலிருந்து தெரிவுசெய்யுங்கள்' என்று மூன்று படிகளை எழுதிவைக்காவிட்டால் பலர் அங்கேயே நின்றுவிடுவர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பேநவ் வழியாக அனுப்புமுன், பணம் பெறுபவரின் பதிவுசெய்த பெயர் திரையில் தோன்றும். கடையின் பெயர் ஒன்றாகவும் தோன்றும் பெயர் வேறாகவும் இருந்தால், மோசடிகளைப் பற்றி நாள்தோறும் செய்தி படிக்கும் மக்கள் அஞ்சிப் பின்வாங்குவது இயல்பு, அது அறிவுடைமையும்கூட. முன்பே ஒரு வரி எழுதிவிட வேண்டும்: 'வங்கிச் செயலியில் எங்கள் பதிவுப் பெயர் இவ்வாறு தோன்றும்.' மலேசியாவில் எஃப்பிஎக்ஸ், டுயிட்நவ் ஆகியவற்றை வைப்பவர்க்கும் இது பொருந்தும். வாங்குபவர் வங்கிப் பக்கத்துக்குப் போய்த் திரும்புவார் என்பதை முன்னரே சொல்லிவிட்டால், திரை மாறும்போது அவர் கலங்கமாட்டார்.

பணம் செலுத்திய பின் வரும் பக்கத்தில் 'நன்றி' என்று மட்டும் எழுதுவது போதாது. நன்னூல் 'உறுவது கூறல்' என்று ஒரு விடையைச் சொல்கிறது. இலக்கணத்தில் அது குறிப்பு விடை. இங்கு அப்பெயரின் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம். இனி நடக்கப்போவதைக் கூற வேண்டும்: பணம் கிடைத்தது, பொருள் எந்த நாளில் எந்த நேரத்துக்குள் வரும், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வோம், ஐயம் எழுந்தால் எவ்வெண்ணை அழைப்பது. முதன்முறை நிம்மதியாக வாங்கியவரே மறுமுறை வருவார்.

சொல்லக் கூடாதவை

விற்பனையைப் பெருக்க விரும்புவோர் சிலர் குறுக்குவழிச் சொற்களை நாடுகின்றனர். நூறு போத்தல் இருக்கும்போது 'இன்னும் இரண்டே இருக்கின்றன' என்பது பொய். முன்கூட்டியே குறியிட்ட கட்டத்தின் வழியே கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது ஏமாற்று. தள்ளுபடியை மறுக்கும் பொத்தானில் 'வேண்டாம், எனக்குச் சேமிப்பில் விருப்பமில்லை' என்று எழுதி வாங்குபவரை நாணச் செய்வது பண்பற்ற செயல். இத்தகைய வடிவமைப்புகளுக்கு 'இருண்ட வடிவங்கள்' என்னும் பொருளில் ஹேரி பிரிக்னல் 2010இல் பெயரிட்டார். அவை ஒருமுறை விற்கும். மறுமுறை வாசலை அடைத்துவிடும்.

கூடையை விட்டுச் சென்றவருக்கு நினைவூட்டல் அனுப்புவதிலும் அளவு வேண்டும். தனிப்பட்ட தரவைக் காக்க மலேசியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. இசைவு பெற்றே எழுத வேண்டும். ஒருமுறை எழுதினால் போதும். 'ஏன் வாங்காமல் போனீர்கள்?' என்று கேட்பதைவிட, 'உங்கள் கூடை அப்படியே இருக்கிறது. விநியோகம் குறித்து ஐயம் இருந்தால் கேளுங்கள்' என்பது தகும். அத்தொடர் விடைக்கு வழிவிடுகிறது.

நம் மொழிக்கு இதில் என்ன பங்கு?

நம் வட்டாரத் தமிழ்க் கடைகளின் இணையப் பக்கங்கள் பலவற்றில் முகப்பில் 'வணக்கம்' இருக்கிறது. தீபாவளி வாழ்த்தும் இருக்கிறது. விலை, முகவரி, பணம், திருப்பித் தருதல் என்று வரும்போது தமிழ் மறைந்துவிடுகிறது. வாழ்த்துவதற்கு ஒரு மொழி, வாங்குவதற்கு வேறொரு மொழி என்னும் பழக்கம் வேரூன்றினால், நாளடைவில் தமிழ் தோரணம்போல் வாசலில் மட்டும் தொங்கும். நம் மாணவர்கள் அதை விழாக்கால மொழியாகவே அறிவர்.

இதற்குத் தீர்வு, அரிய சொற்களைப் புகுத்துவதன்று. பணம் செலுத்தும் பக்கம் கலைச்சொல்லாக்கத்துக்கு உரிய இடமன்று. பழகிய சொல்லே அங்கு வேண்டும். கூடை, விலை, முகவரி, விநியோகம், பணம், ரசீது ஆகியவை எல்லார்க்கும் தெரிந்த சொற்கள். பேநவ், கியூஆர் ஆகியவற்றை அப்படியே தமிழெழுத்தில் எழுதலாம். வங்கிச் செயலியிலும் அப்பெயரையே அவர் காண்பார். எந்திரம் தந்த மொழிபெயர்ப்பை அப்படியே விட்டுவிடக் கூடாது. அது 'ஆர்டர்' என்பதை 'ஆணை' ஆக்கும்; கூடையை 'வண்டி' ஆக்கும். நாற்பது ஐம்பது சொற்களே உள்ள பக்கத்தை ஓர் ஆசிரியர் ஒரு மாலைப் பொழுதில் திருத்திவிடலாம்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறோம். தெரிந்தவர் நடத்தும் சிறு இணையக் கடை ஒன்றின் பக்கங்களை, உரிமையாளரின் இசைவோடு அச்சிட்டு மாணவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வாங்குபவர் மனத்தில் எழும் வினாவை ஒரு நிறத்திலும், பக்கம் தரும் விடையை வேறொரு நிறத்திலும் குறிக்கச் சொல்லுங்கள். விடையில்லா வினாக்கள் தாமே கண்ணில் படும். பின்னர் அவ்விடைகளைத் தமிழில் எழுதச் செய்யுங்கள். வினா-விடை வகையைத் தேர்வுக்கு மட்டும் படித்த மாணவர், அதன் பயனை அன்று உணர்வார்.

கடை நடத்துவோர் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டா. கூடை, முகவரி, பணம், நிறைவு என்னும் நான்கு படிகளில் ஒவ்வொன்றையும் எத்தனை பேர் அடைகின்றனர் என்று வாரந்தோறும் குறித்துவையுங்கள். எந்தப் படியில் மிகுதியானோர் நின்றுவிடுகின்றனரோ, அந்தப் படியின் சொற்களை முதலில் திருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். அப்போதுதான் எந்தச் சொல் பயன் தந்தது என்பது விளங்கும். தீபாவளிக்கு முந்திய வாரத்தையும் சாதாரண வாரத்தையும் ஒப்பிட வேண்டா; பண்டிகையின் பயனைச் சொல்லின் பயனாக எண்ணிவிடுவோம்.

நம் மாணவி இம்முறையில்தான் தம் பக்கத்தைத் திருத்தினார். முந்திய ஆண்டுகளில் வயதான வாடிக்கையாளர் சிலர் படிவத்தோடு போராடாமல் அவரைத் தொலைபேசியில் அழைத்தே முறுக்குக்குச் சொல்வது வழக்கம். சென்ற தீபாவளியின்போது அவர்களுள் ஒரு மூதாட்டி மீண்டும் அழைத்தார். "அம்மா, பேரனைக் கூப்பிடாமல் நானே வாங்கிவிட்டேன். சனிக்கிழமை வரும் என்று போட்டிருக்கிறது. சரிதானே?" என்று கேட்டாராம். "சரிதான் பாட்டி" என்று மாணவி சொன்னார். அது நேர்விடை. அந்த விடையைத் திரையிலேயே தமிழில் எழுதிவைக்கும் பணிக்கு, இங்கே அமர்ந்திருக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் மாணவரும் தகுதியுடையவரே.